உலகின் பெரிய அருங்காட்சியகங்களைப் பார்ப்பது எப்படி: கலைக்கும் வரலாற்றுக்கும் ஒரு முழு வழிகாட்டி

பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்குள் முதல் தடவை போனபோது, கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை நிற்காமல் நடந்தேன். எல்லா மாடியும் ஏறி இறங்கினேன், ஒரு கூடம் விடவில்லை. அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தால், மனத்தில் நின்றது ஒரே ஒரு பொருள்தான். கால் வலி தாங்காமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்ன மண் குடம். களிமண் ஈரமாக இருந்தபோது குயவர் பிடித்த விரல் தடம் அதன் கழுத்தில் அப்படியே பதிந்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அந்தத் தடத்துக்கு நேராக என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தும் போலத்தான் இருந்தது.

அன்று கண்ணில் பட்ட மற்ற ஆயிரக்கணக்கான பொருட்களில் ஒன்றைக்கூட என்னால் விவரிக்க முடியவில்லை. அதிலிருந்து பார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். கொஞ்சமாகப் பார்ப்பேன், ஆனால் நின்று பார்ப்பேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த வகை இடத்துக்குப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா அருங்காட்சியகத்தையும் ஒரே மாதிரி பார்க்க முடியாது. என் கணக்கில் நான்கு வகை உண்டு.

முதலாவது, உலகத்தையே ஒரு கூரைக்குள் கொண்டுவர முயன்றவை. பாரிஸின் லூவ்ர், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் உள்ள ஹெர்மிடாஜ். லூவ்ர் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கோட்டையாகத் தொடங்கி, அரண்மனையாக வளர்ந்து, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 1793-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 35,000 பொருட்கள் அங்கே பார்வைக்கு உள்ளன. பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பு சுமார் 80 லட்சம். அதில் நூற்றில் ஒரு பங்குதான் கூடங்களில் இருக்கிறது. இந்த எண்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட இடத்தை யாராலும் ‘பார்த்து முடிக்க’ முடியாது. உள்ளே நுழையும் முன்பே அந்த ஆசையை விட்டுவிட்டால் மனம் லேசாகிவிடும்.

இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட காலத்தையோ ஓர் அரச குடும்பத்தின் ரசனையையோ ஆழமாகக் காட்டுபவை. மாட்ரிட்டின் பிராடோ ஸ்பானிய மன்னர்களின் ஓவியச் சேகரிப்பு. ஃபுளோரன்ஸின் உஃபீசி மெடிச்சி குடும்பத்தினுடையது. அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா 1737-இல் செய்த ஒப்பந்தத்தில், இந்தப் பொருட்கள் ஃபுளோரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதி வைத்தார். பொட்டிச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ ஓவியம் இன்றும் அந்த ஊரிலேயே இருப்பதற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பாரிஸின் ஓர்சே 1900-இல் கட்டிய ரயில் நிலையம். 1986-இல் அருங்காட்சியகமானது. 1848 முதல் 1914 வரையிலான கலை அதன் எல்லை. முதல் முறை போகிறவர்களுக்கு இந்த இரண்டாம் வகையைத்தான் நான் சொல்வேன். ஒரு காலம், ஒரு உலகம், ஒரே நாளில் மனத்துக்குள் அடங்கும்.

மூன்றாவது, பொருள் பிறந்த மண்ணிலேயே நிற்பவை. சீனாவின் ஷியான் அருகே 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டுபிடித்த சுடுமண் படை அப்படிப்பட்டது. கிடைத்த குழிகளின் மேலேயே கூரை போட்டிருக்கிறார்கள். முன்வரிசை வீரர்கள் நிமிர்ந்து நிற்க, பின்னால் இன்னும் உடைந்தும் புதைந்தும் கிடப்பவர்களையும் பார்க்கலாம். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகமும், மெக்சிகோ நகரின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகமும் இந்த வகைதான். மெக்சிகோவில் உள்ள சூரியக் கல் 3.6 மீட்டர் விட்டமும் சுமார் 24 டன் எடையும் கொண்டது. அதே நகரின் மையச் சதுக்கத்தில் 1790-இல் தோண்டும்போது வெளிப்பட்டது.

நான்காவது, ஒரு துயரத்தை மறக்காமல் வைத்திருப்பவை. அவற்றுக்குத் தனி மனநிலை வேண்டும். பின்னால் வருகிறேன்.

படி 2: நாளையும் நேரத்தையும் சரிபாருங்கள்

சாதாரண வேலைதான், ஆனால் இதில் சறுக்கினால் மற்றதெல்லாம் வீண். லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதே ஊரில் ஓர்சே திங்கள்கிழமை விடுமுறை. மெட் என்று சுருக்கமாகச் சொல்லும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் புதன்கிழமை மூடியிருக்கும். உஃபீசி, ஹெர்மிடாஜ், மெக்சிகோ மானுடவியல் அருங்காட்சியகம் எல்லாம் திங்கள். மாட்ரிட்டின் ரெய்னா சோபியா செவ்வாய். வாட்டிகன் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் வருடத்தின் 365 நாளும் திறந்திருக்கும். நேரங்கள் மாறக்கூடியவை, அதனால் கிளம்பும் வாரத்தில் அந்த அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கட்டடம் முழுவதும் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெர்லினின் பெர்கமன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் பழுதுபார்ப்புக்காக முழுவதுமாக மூடப்பட்டது. பகுதி பகுதியாகத் திறக்க வருடக்கணக்கில் ஆகும் வேலை அது. தெரியாமல் போய்க் கதவைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நிற்கும் அதே ஆற்றுத் தீவில் உள்ள நோயஸ் அருங்காட்சியகத்தில், 1912-இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த அரசி நெஃபெர்டிட்டியின் தலைச்சிற்பம் இருக்கிறது. பெர்லின் போகிறவர்கள் திட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

நீங்கள் பார்க்க நினைக்கும் பொருள் அன்று சுவரில் இருக்குமா என்பது இன்னொரு கேள்வி. காகிதத்திலும் பட்டிலும் வரைந்தவை வெளிச்சம் பட்டால் நிறம் போகும். அதனால் டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அவற்றைச் சில வாரங்கள் மட்டும் காட்டிவிட்டு உள்ளே எடுத்துவிடுவார்கள். தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் எல்லோரும் தேடும், பச்சைக்கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸ்கூடச் சில சமயம் தெற்குக் கிளைக்குப் போய்விடும். புகழ்பெற்ற ஒரு பொருளுக்காகவே போவதாக இருந்தால், அது இப்போது எந்த அறையில் இருக்கிறது என்று இணையத்தில் தேடி எழுதிக்கொள்ளுங்கள்.

நேரம் என்று கேட்டால், மாலைதான் என் தேர்வு. லூவ்ர் புதன், வெள்ளிகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மெட் வெள்ளி, சனிகளில் அப்படி. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமை இரவு எட்டரை வரை. கூட்டமாக வந்த சுற்றுலாக் குழுக்கள் ஆறு மணிக்கெல்லாம் போய்விடுவார்கள். அப்புறம் ஒரு கூடத்தில் நீங்களும் காவலரும் மட்டும் இருக்கும் நிமிடங்கள் கிடைக்கும். அது எந்தக் கட்டணத்திலும் வராத வசதி.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, லூவ்ர், உஃபீசி, வாட்டிகன் மூன்றுக்கும் நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியமும் லண்டன் நேஷனல் கேலரியும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் இலவசம். பிராடோ மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் அன்று கூட்டம் நெரியும். இலவசமான இடங்களுக்குப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ஒரே ஓர் ஓவியத்துக்காக உள்ளே போய் இருபது நிமிடத்தில் வெளியே வரலாம்.

படி 3: எட்டுப் பொருள் தேர்ந்தெடுங்கள்

பத்துக்கு மேல் வேண்டாம். எட்டு என்பது என் அனுபவத்தில் சரியான எண்ணிக்கை. இரண்டு, மூன்று உலகப் புகழ் பெற்றவையாக இருக்கட்டும். மீதியை உங்கள் சொந்த ஆர்வத்திலிருந்து எடுங்கள். துணி நெய்பவர் துணியைத் தேடலாம். கணக்கு பிடிக்கும் என்றால் களிமண் கணக்குப் பலகைகளைத் தேடலாம். அந்த எட்டும் ஒரே மூலையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கால் தப்பிக்கும்.

ஓர் உதாரணம். லூவ்ரில் தெனோன், சுய்லி, ரிஷ்லியூ என்று மூன்று பிரிவுகள். எல்லோரும் தெனோனுக்குள் மோனாலிசாவை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் ரிஷ்லியூவிலிருந்து தொடங்குங்கள். அங்கே பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டக் கல் நிற்கிறது. 2.25 மீட்டர் உயரம், கறுப்பு, மேலே சூரியக் கடவுளின் முன் நிற்கும் அரசன், கீழே சுற்றிலும் நெருக்கமாக வெட்டிய ஆப்பெழுத்து. ஏறக்குறைய 3,750 வருடத்துக்கு முந்தைய சட்டம். அதன் முன் நிம்மதியாக நிற்கலாம். பிறகு சுய்லியில் வீனஸ் தெ மிலோ என்ற கிரேக்கப் பளிங்குச் சிலை, அங்கிருந்து தாரு படிக்கட்டின் உச்சியில் சமோத்திராக்கின் சிறகு கொண்ட வெற்றித் தேவதை. கீழே இருந்து படியேறிக்கொண்டே பாருங்கள். தலையும் கைகளும் இல்லாத அந்த உருவம், கப்பலின் முனையில் எதிர்காற்றில் நிற்பது போல, நீங்கள் ஏற ஏறப் பெரிதாகிக்கொண்டே வரும்.

மோனாலிசாவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பாருங்கள். 77க்கு 53 சென்டிமீட்டர்தான், பாப்லர் மரப்பலகையில் வரைந்தது, தடுப்புக்கு அப்பால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். பார்த்துவிட்டு அப்படியே திரும்புங்கள். எதிர்ச்சுவரில் வெரோனீஸின் ‘கானாவில் திருமணம்’ ஏறத்தாழ 10 மீட்டர் அகலத்தில் விரிந்திருக்கிறது. அறை முழுக்க ஜனம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அருகே போய் நிற்க உங்களுக்கு இடம் தாராளம்.

படி 4: உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம்

பையையும் கோட்டையும் பொருள் வைக்கும் அறையில் கொடுத்துவிடுங்கள். தோளில் இரண்டு கிலோ தொங்கினால் ஒரு மணி நேரத்தில் பொறுமை போய்விடும். பழகிய காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள், தரை பெரும்பாலும் பளிங்கு. வாட்டிகனுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொண்டு, உங்கள் எட்டு அறைகளையும் வட்டமிடுங்கள். உட்காரும் இடங்கள் எங்கே என்றும் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, தண்ணீர் குடித்து, எதையும் பார்க்காமல் கால் மணி நேரம் உட்காருங்கள். கண் களைத்தபின் பார்ப்பது எதுவும் மனத்தில் தங்காது. மொத்தம் மூன்று மணி நேரம் போதும். நாலாவது மணியை நான் எப்போதும் வருந்தியிருக்கிறேன்.

படி 5: ஒரு பொருளின் முன் நிற்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மெட் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓர் ஓவியத்தின் முன் மக்கள் நின்ற சராசரி நேரம் 27 நொடிகள். அதிலும் ஒரு பகுதி பெயர்ப் பலகை படிப்பதில் போய்விடுகிறது. நீங்கள் பத்து நிமிடம் நில்லுங்கள். முதல் மூன்று நிமிடம் பலகையைப் பார்க்க வேண்டாம். யார் வரைந்தது, எத்தனை கோடி என்ற எதுவும் தெரியாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது? கைகள் என்ன செய்கின்றன? ஓரங்களில் என்ன இருக்கிறது? ஓவியர்கள் ரகசியங்களைப் பெரும்பாலும் ஓரங்களில்தான் வைத்திருப்பார்கள்.

ரைக்ஸ்மியூசியத்தில் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ இருக்கிறது. 1660 வாக்கில் வரைந்தது. 45க்கு 41 சென்டிமீட்டர், மடியில் வைத்துக்கொள்ளும் அளவு. ஒரு பணிப்பெண் குடுவையிலிருந்து பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள், அவ்வளவுதான் காட்சி. முதல் நிமிடத்தில் மஞ்சள் மேலாடையும் நீலத் துணியும் தெரியும். இரண்டாவது நிமிடத்தில், மேசைமேல் இருக்கும் ரொட்டியில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் கிள்ளி வைத்தது போல மின்னுவது தெரியும். அப்புறம் கண் மெதுவாகப் பின்சுவருக்குப் போகும். வெறும் வெள்ளைச் சுவர் என்று நினைத்தது வெறும் சுவரே இல்லை. அதில் ஓர் ஆணி அடித்திருக்கிறது, ஆணிக்கு நிழல் இருக்கிறது. பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகளும் இருக்கின்றன. சன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. அந்த ஆணி ஓட்டையை வரைய உட்கார்ந்த மனிதனின் பொறுமையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். 2022-இல் அருங்காட்சியக ஆய்வாளர்கள் வண்ணத்துக்கு அடியில் ஊடுருவிப் பார்த்தபோது, அவள் தலைக்குப் பின்னால் குடுவைகள் மாட்டும் பலகை ஒன்றை முதலில் வரைந்து, பிறகு வெர்மீரே அதை மூடிவிட்டது தெரியவந்தது. அப்படி ஒரு பொருளை எடுத்துவிட்டுத்தான் அந்தச் சுவரையும் அந்த ஆணியையும் நமக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு பயிற்சி, இரண்டு ஓவியங்களை இணைத்துப் பார்ப்பது. லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் படம் இருக்கிறது. இருவருக்கும் நடுவே பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி. உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த வட்டத்துக்குள் முழு அறையும் வளைந்து தெரிகிறது. தம்பதியின் முதுகுகளும், வாசலில் வந்து நிற்கும் இன்னும் இரண்டு பேரும் அதில் இருக்கிறார்கள். கண்ணாடிக்கு மேலே ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார்’ என்று லத்தீனில் எழுத்து. இந்த ஓவியம் 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய அரசரின் சேகரிப்பில் இருந்தது. அதே அரண்மனையில் பணிபுரிந்த வெலாஸ்கெஸ் 1656-இல் ‘லாஸ் மெனினாஸ்’ வரைந்தார். அது இன்று பிராடோவில் இருக்கிறது. அதிலும் பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதற்குள் மங்கலாக அரசனும் அரசியும். ஒன்றைப் பார்த்தபின் மற்றதன் முன் போய் நின்றால், 222 வருட இடைவெளியில் இரண்டு ஓவியர்கள் பேசிக்கொள்வது காதில் விழும்.

‘லாஸ் மெனினாஸ்’ முன் நடக்கவும் வேண்டும். பத்தடி தள்ளி நின்றால் இளவரசியின் பட்டு உடை அசல் பட்டு. தடுப்புவரை அருகே வந்தால் அது வெறும் தூரிகை இழுப்புகளாகச் சிதறிவிடும். முன்னும் பின்னும் நாலைந்து தடவை போய் வாருங்கள். ஓவியரின் மார்பில் உள்ள சிவப்புச் சிலுவையையும் கவனியுங்கள். அந்த வீரப் பட்டம் அவருக்கு 1659-இல்தான் கிடைத்தது. படம் முடிந்து மூன்று வருடம் கழித்துச் சேர்த்தது.

சிற்பங்களுக்கு விதி எளிது: சுற்றி வாருங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். புடைப்புச் சிற்பங்களுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், அதனால் சற்றே சாய்ந்து ஓரத்திலிருந்து பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் 10-ஆம் எண் கூடத்தில், அசூர்பானிபால் மன்னன் சிங்க வேட்டையாடும் அசீரியக் கற்பலகைகள் உள்ளன. கி.மு. 645 வாக்கில் நினிவே அரண்மனைக்காகச் செதுக்கியவை. மன்னனின் வீரத்தைக் காட்டத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். ஆனால் முதுகில் அம்புகள் தைத்து, பின்னங்கால்கள் செயலிழந்து, முன்கால்களை ஊன்றித் தன் உடம்பை இழுத்துக்கொண்டு போகும் பெண் சிங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. அதைச் செதுக்கியவனின் மனம் யார் பக்கம் இருந்தது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.

படி 6: பலகையையும் பதிவு எண்ணையும் படியுங்கள்

கண்ணால் பார்த்து முடித்த பிறகு பலகைக்கு வாருங்கள். எந்தப் பொருளில் செய்தது, எங்கே கிடைத்தது என்பதோடு, அருங்காட்சியகத்துக்கு எப்படி வந்தது என்ற கடைசி வரியைத் தவறாமல் படியுங்கள். நன்கொடையா, விலைக்கு வாங்கியதா, அகழாய்வில் பங்காகக் கிடைத்ததா, போரில் எடுத்ததா? பல இடங்களில் பதிவு எண்ணின் முதல் பகுதியே வாங்கிய வருடமாக இருக்கும். மெட் 1972-இல் வாங்கிய யூஃப்ரோனியோஸின் கிரேக்கக் கலயத்துக்கு 1972.11.10 என்று எண் கொடுத்தது. அது இத்தாலியில் ஒரு பழங்காலக் கல்லறையைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தது என்று தெரியவந்து, 2008-இல் இத்தாலிக்குத் திரும்பிப் போனது.

லூவ்ரில் நீங்கள் திரும்பிப் பார்த்த ‘கானாவில் திருமணம்’கூட, வெனிஸின் ஒரு மடத்து உணவுக்கூடச் சுவரிலிருந்து 1797-இல் நெப்போலியனின் படை எடுத்து வந்ததுதான்.

இந்தக் கேள்வியைக் கண்ணெதிரே பார்க்க வேண்டும் என்றால் லண்டனையும் ஏதென்ஸையும் சேர்த்துப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பார்த்தினான் கோயிலிலிருந்து பெயர்த்த சிற்பங்கள், 1816-இல் பிரிட்டிஷ் அரசு வாங்கியபின் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஏதென்ஸில் 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளம், குன்றின் மேல் இருக்கும் கோயில் எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசைக்குத் திருப்பிக் கட்டியது. சுற்றிலும் கண்ணாடி. கோயிலைச் சுற்றி இருந்த வரிசையிலேயே சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். ஏதென்ஸில் இருப்பவை தேன் நிறக் கல். லண்டனில் இருப்பவற்றின் இடத்தில் வெள்ளைச் சுண்ண வார்ப்புகள். ஒரு குதிரையின் உடல் தேன் நிறத்தில் தொடங்கி வெள்ளையில் முடியும். திருப்பித் தர வேண்டும் என்பதுதான் என் கருத்து. நீங்கள் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

எகிப்து விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 1922-இல் கண்டெடுத்த துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள், கீசா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த மகா எகிப்திய அருங்காட்சியகத்தில் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. தங்க முகமூடியோடு நின்றுவிடாதீர்கள். அந்த இளம் அரசனின் செருப்புகளையும் படுக்கையையும் தேடிப் பாருங்கள்.

படி 7: துயரத்தைச் சொல்லும் இடங்கள்

இங்கே எட்டுப் பொருள் கணக்கு கிடையாது. அவசரமும் கூடாது. அன்றைய நாளில் வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் 8:15-இல் நின்றுபோன கைக்கடிகாரம் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர சைக்கிளும் இருக்கிறது, துருவும் கருகலுமாக. அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 என்ற தேதியைப் பாடத்தில் படிப்பது வேறு, அந்தச் சைக்கிளின் கைப்பிடி உயரத்தைப் பார்ப்பது வேறு.

ஜோஹன்னஸ்பர்கில் 2001-இல் திறந்த இனஒதுக்கல் (அபார்தைட்) அருங்காட்சியகத்தில், டிக்கெட்டே உங்களை ‘வெள்ளையர்’ அல்லது ‘வெள்ளையர் அல்லாதவர்’ என்று குலுக்கல் முறையில் பிரித்துவிடும். அதற்குத் தகுந்த வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். உடன் வந்தவர் வேறு வாசலுக்குப் போவதைப் பார்க்கும் அந்தச் சில நிமிடம் பாடப் புத்தகம் தராத பாடம்.

வாஷிங்டனில் 2016-இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வரலாறு நிலத்துக்கு அடியில் தொடங்குகிறது. அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆரம்பித்து, தாழ்ந்த கூரையும் மங்கல் வெளிச்சமுமாக, தளம் தளமாக மேலே ஏறி வருவீர்கள். போலந்தில் நாஜிகளின் வதைமுகாமாக இருந்த அவுஷ்விட்ஸுக்கு நுழைவு இலவசம், ஆனால் முன்பதிவு கட்டாயம். அங்கே படம் எடுப்பதற்கு முன் ஒரு முறை நிதானித்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்.

படி 8: பிள்ளைகளோடு, படங்களோடு

மற்ற இடங்களுக்குப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதலில் கடைக்குப் போய் மூன்று பட அட்டைகள் வாங்கிக் கையில் கொடுத்து, ‘இதைக் கண்டுபிடி’ என்று சொல்லுங்கள். தைபேயின் அந்த முட்டைக்கோஸ் 18.7 சென்டிமீட்டர்தான். அதன் இலையில் ஒளிந்திருக்கும் பூச்சிகளைப் பெரியவர்களுக்கு முன் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள்.

புகைப்பட விதி இடத்துக்கு இடம் மாறும். பிராடோவிலும் வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயத்திலும் அனுமதி இல்லை. அனுமதி இருக்கும் இடத்திலும் பிளாஷ் கூடாது. நான் முழுப் படத்தையும் எடுப்பதில்லை, அதைவிடத் தெளிவான படம் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். எனக்குப் பிடித்த ஒரு மூலையையும் பெயர்ப் பலகையையும் மட்டும் எடுத்துக்கொள்வேன். பென்சிலும் சின்ன நோட்டும் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. வரையத் தெரியாவிட்டாலும் வரையுங்கள். ஒரு கலயத்தின் விளிம்பை வரைய முயலும்போதுதான் அது எங்கே வளைகிறது என்று கண் உண்மையாகப் பார்க்கத் தொடங்கும்.

படி 9: இல்லாததையும் பாருங்கள்

பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அதிகாலை, போலீஸ் உடையில் வந்த இருவர் 13 பொருட்களைத் திருடிச் சென்றார்கள். வெர்மீரின் ஒரு ஓவியமும், ரெம்ப்ராண்ட் வரைந்த ஒரே கடல் காட்சியும் அதில் போயின. இன்றுவரை கிடைக்கவில்லை. காலிச் சட்டங்கள் அதே சுவரில் அதே இடத்தில் தொங்குகின்றன. மோனாலிசாவும் 1911-இல் திருடு போய் இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அப்போது அந்த வெற்றுச் சுவரைப் பார்க்கவே பாரிஸில் ஜனம் திரண்டது.

காலிச் சட்டம் என்றதும் எனக்கு ஹெர்மிடாஜ்தான் நினைவுக்கு வரும். 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களை ரயில்களில் ஏற்றி யூரல் பகுதிக்கு அனுப்பினார்கள். ஓவியங்கள் போயின, சட்டங்கள் சுவரிலேயே இருந்தன. முற்றுகைக் காலத்தில், குண்டுவீச்சில் சேதமான கூடங்களைச் சுத்தம் செய்யப் படைவீரர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். அங்கே பணிபுரிந்த பாவெல் குப்செவ்ஸ்கி, அவர்களுக்கு நன்றியாக அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு காலிச் சட்டத்தின் முன்னும் நின்று, அதில் இருந்த ஓவியத்தை நினைவிலிருந்தே விவரித்தார். பசியில் வாடிய ஊரில், அந்த வீரர்கள் வெற்றுச் சுவர்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படி 10: வெளியே வந்ததும்

போனை எடுக்காதீர்கள். வாசல் படியிலோ பக்கத்துப் பெஞ்சிலோ உட்கார்ந்து, எட்டில் ஒரு பொருளைத் தேர்ந்து, குப்செவ்ஸ்கி செய்தது போல அதை நினைவிலிருந்து உடன் வந்தவருக்கு விவரியுங்கள். தனியாக வந்திருந்தால் நோட்டில் எழுதுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது, கையில் என்ன வைத்திருந்தார்கள், பின்னால் சுவர் என்ன நிறம். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பக்கத்திலேயே அறை எண்ணையும் எழுதிவிடுங்கள். மறுநாள் வர முடிந்தால், அந்த ஊருக்கு இன்னொரு முறை வரக் கிடைத்தால், நேராக அந்த அறைக்குத்தான் போக வேண்டும்.